இரண்டு மணிப் பால்

மத்தியானம் மணி இரண்டு. இந்த அறையில் கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதில்லை, ஆறு நாற்காலியில் ஆறு அம்மாக்கள் உட்கார்ந்திருக்கிறோம், ஏதாவது ஒரு பிள்ளை அழுது நேரத்தைச் சொல்லிவிடும். என் பிள்ளை மட்டும் சொல்லமாட்டாள். குறைமாதத்தில் பிறந்ததுகள் சிலது பசித்தால் அழாது, இன்னும் கொஞ்சம் தூங்கும், அதனால்தான் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் நாமே எழுப்பிக் கொடுக்க வேண்டும் என்று லில்லி புஷ்பம் சிஸ்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். எழுந்திரு கண்ணு. எழுந்திரு என் சாமி. காதுக்குப் பின்னால் தடவுகிறேன், உள்ளங்காலை லேசாகச் சுரண்டுகிறேன், நெற்றியைச் சுருக்குகிறாள், திங்கட்கிழமை காலையில் வேலைக்கு எழுப்பினால் ஆட்கள் சுருக்குவார்களே அந்தச் சுருக்கம், மறுபடி தூக்கம். பிறந்து பன்னிரண்டு நாள், ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல், மார்பில் இழுத்துக் குடிக்கிற பலம் இன்னும் வரவில்லை, அதுவரை பாலாடைதான். மடியில் அவளை நிமிர்த்தி, கழுத்தை இடது கையால் தாங்கி, சின்னக் கைகள் இரண்டையும் துணிக்குள் சுருட்டி, தாடைக்கு அடியில் ஒரு துணியை மடித்து வைத்து, வலது கையில் மூக்கு நீண்ட அந்த எவர்சில்வர் பாலாடை, கொதிநீரில் கிடந்தது, இன்னும் சூடு போகவில்லை. அதில் இருபத்துநாலு மில்லி. என் பால், நானே பீய்ச்சி நானே அளந்தது. இருபத்துநாலு மில்லி என்றால் எவ்வளவு, எங்கள் ஊர் பால் சொசைட்டியில் கேனைக் கவிழ்க்கும்போது தரையில் போவது அதைவிட அதிகம். ஒன்பது வருஷமாக அங்கே பால் அளக்கிறவள் நான். ருக்குமணியிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கலந்து கொண்டுபோய் ஊற்ற முடியாது என்று ஊரில் பேச்சு, அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. அந்த ருக்குமணிதான் இங்கே இந்த இருபத்துநாலு மில்லியோடு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் டாக்டர் சுற்றி வந்தபோது என் பிள்ளையின் அட்டையைப் பார்த்துவிட்டுச் சிஸ்டரிடம் சொன்னார், "மூணு நாளா எடை இறங்கிட்டே வருது. பால் முழுசாப் போகுது, ஆனா எடை ஏறல. உள்ள ஏதோ தொற்று இருக்கலாம். ரெண்டு மணிப் பால் முடிஞ்சதும் ரத்தம் எடுத்துடுங்க, ட்ரிப்ஸ் போட்டு மருந்து ஆரம்பிச்சுடலாம், கண்ணாடி ரூமுக்கு மாத்திடுங்க." பால் முழுசாப் போகுது. அவர் சொன்னதில் அது ஒன்றுதான் தப்பு, அதை அட்டையில் எழுதினவள் நான்.

குடி. பாலாடையின் மூக்கைக் கீழுதட்டில் வைத்துச் சாய்க்கிறேன், பால் உதடு வரைக்கும் வந்து நிற்கிறது. ஊற்றக்கூடாது. "ஊத்தாத, வச்சிட்டு இரு, பிள்ளையே நாக்க நீட்டி எடுக்கும், அதுக்கு வேணும்னா எடுக்கும், வேண்டாம்னா கிடக்கும்" என்று நாகர்கோவில் பக்கத்துப் பேச்சில் சிஸ்டர் சொல்லிக் கொடுத்தது. இதோ நாக்கு வருகிறது, பூனைக்குட்டி மாதிரி ஒருதரம் நக்கி உள்ளே போகிறது, தொண்டையில் அந்தச் சின்னச் சத்தம், ஒன்று. நிறுத்துகிறாள், மூச்சு விடுகிறாள். மறுபடி நாக்கு, இரண்டு. வாயோரத்தில் வழிகிறது, தாடை வழியாகக் கழுத்து மடிப்புக்கு, அங்கிருந்து துணிக்கு. மூன்று நாளைக்கு முன்னால் வரை இந்த வழிசலைப் பற்றி நான் கவலைப்பட்டதில்லை, அவள் மூக்கில் குழாய் இருந்தது, மூக்கு வழியாக வயிறு வரை போகிற ஒரு மெல்லிய குழாய், பாலாடையில் குடித்ததும் சிந்தினதும் போக வயிற்றுக்கு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு பாலைச் சிஸ்டர் அதில் விட்டுவிடுவார். எடை ஏறியது. ஆயிரத்து அறுநூற்று நாற்பது கிராம் வரை ஏறியது. நான்தான் அந்தக் குழாயைப் பார்க்க மாட்டாமல் கிடந்தேன். அதை ஒட்டின பிளாஸ்திரி கன்னத்துத் தோலை இழுத்துக்கொண்டே இருக்கும், ஒருநாள் கையை ஆட்டி அவளே பிடுங்கிவிட்டாள், திரும்பப் போடும்போது ஓங்கரித்து முகம் கருத்துப்போனதைப் பார்த்து நான் வராந்தாவுக்கு ஓடி வாந்தி எடுத்தேன். என் மாமனாருக்கும் இதே ஆஸ்பத்திரியில், கீழ்த்தளத்தில், மூக்கில் குழாய் போட்டு ஆறு நாள் வைத்திருந்தார்கள், ஏழாம் நாள் உடம்பைத்தான் வேனில் கொண்டுவந்தோம். அதனால் பிள்ளையின் முதல் போட்டோவைப் பார்த்ததும் அத்தை போனிலேயே அழ ஆரம்பித்துவிட்டார், "மூக்குல கொழா போட்டுட்டாங்களா, அப்ப அவ்வளவுதானா." என் வீட்டுக்காரர் மோகன்ராஜ் ஜன்னலுக்கு வெளியே நின்று, ஆம்பளைகளை உள்ளே விடமாட்டார்கள், கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கொழா இல்லாம ஒரு போட்டோ எடுத்து அனுப்பு ருக்கு, அம்மாவுக்குக் காட்டோணும்" என்றார். அவர் அம்மாவுக்கு என்றுதான் சொன்னார், தனக்கு என்று சொல்லவில்லை, ஆனால் கம்பியைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தேன். கல்யாணமாகி எட்டு வருஷம். இரண்டு தரம் மூன்றாம் மாதமே கலைந்துபோனது. இது நின்றது, நின்றும் முழுசாக நிற்காமல் முந்திக்கொண்டு வந்துவிட்டது. மூன்று, நான்கு. நன்றாகத்தான் குடிக்கிறாள், குடிக்கத் தெரியாத பிள்ளை இல்லை இவள், வாய் சின்னது, அவ்வளவுதான்.

"எல்லா வேளையும் முழுசா பாலாடையில எடுத்துட்டான்னா கொழாய எடுத்துரலாம்" என்று சிஸ்டர் சொன்னது போன வாரக் கடைசியில். அதற்கப்புறம் எனக்கு வேறு நினைப்பே இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அட்டை, அதில் நேரம், கொடுத்தது, சிந்தியது, கையெழுத்து என்று நான்கு கட்டம், எழுதப் படிக்கத் தெரிந்த அம்மாக்கள் நாங்களே எழுதிவிடுவோம், சிஸ்டருக்கு எல்லா அறையும் சேர்த்து முப்பது பிள்ளைகள், ஒவ்வொரு மடியையும் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா. முதல் தரம் நான் பொய் எழுத வேண்டும் என்று நினைத்து எழுதவில்லை, சத்தியமாக இல்லை. அன்றைக்கு அவள் நன்றாகக் குடித்தாள், கொஞ்சம்தான் வழிந்தது, கொஞ்சம்தானே என்று சிந்தியது என்ற கட்டத்தில் ஒரு சைபர் போட்டேன். அடுத்த வேளை இன்னும் கொஞ்சம் வழிந்தது, போன தரம் சைபர் போட்டுவிட்டு இந்தத் தரம் எட்டு என்று எழுதினால் பிள்ளை பின்னால் போகிற மாதிரித் தெரியுமே என்று மறுபடி சைபர். அப்புறம் துணியை மாற்றினேன். மெல்லிய துணி வைத்தால் நனைந்து மடிக்கு இறங்கிவிடுகிறது, பார்த்தவர்களுக்குத் தெரிந்துவிடும், அதனால் வீட்டுக்காரரின் பழைய குற்றாலத் துண்டைக் கிழித்து நாலாக மடித்து வைத்தேன், அது எவ்வளவு பாலையும் சத்தமில்லாமல் குடித்துவிடும். இந்த மூளை எனக்கு எங்கிருந்து வந்தது என்றால், சொசைட்டிக்கு வருகிறவர்களிடமிருந்துதான் வந்தது, கேனின் அடியில் எதை வைப்பார்கள், எப்படிச் சாய்ப்பார்கள், முகத்தை எப்படி வைத்துக்கொள்வார்கள் என்று ஒன்பது வருஷம் பார்த்தவள். மறுநாள் சைபர் சைபராக ஒரு வரிசையைப் பார்த்துவிட்டுச் சிஸ்டர் சந்தோஷமாகக் குழாயை உருவினார், "உன் கைக்கு வந்துட்டுது பாத்தியா" என்று என் தோளைத் தட்டினார். நான் போட்டோ எடுத்தேன். வெறும் மூக்கு. அது அத்தைக்குப் போய், அத்தையிடமிருந்து நாத்தனாருக்குப் போய், அவர் தன் போனில் ஸ்டேட்டஸ் வைத்து, சொசைட்டிச் செயலாளர் வரைக்கும் எனக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டார். அன்று மத்தியானமே குளியலறையில் துணியை அலசப் போனவள், அலசாமல் நின்றேன். அளந்து பழகின கை சும்மா இருக்குமா. துணியைப் பாலாடைக்குள் பிழிந்தேன். ஒன்பது மில்லி. துணியில் தங்கினது போக ஒன்பது. பார்த்துவிட்டு சாக்கடையில் கொட்டினேன், கொட்டிவிட்டு வெளியே வந்து மறுபடி சைபர் எழுதினேன். அதனால் எனக்குத் தெரியாது என்று என்னிடமே நான் சொல்லிக்கொள்ள முடியாது.

மணி இரண்டேகால். பாலாடையில் பாதி இருக்கிறது. அவள் தூங்கிவிட்டாள், வாயில் ஒரு துளி பால் அப்படியே நிற்கிறது. அரை மணிக்கு மேல் குடிக்க வைக்கக்கூடாது, களைத்துப் போவாள், குடித்த தெம்பெல்லாம் குடிக்கிறதிலேயே போய்விடும் என்பார் சிஸ்டர். இன்னும் கால் மணி. அப்புறம் ட்ரே வரும். ஊசி வரும். அவள் கையில் நரம்பு தேடுவார்கள், தலைமுடியை வழித்து அங்கே தேடுவார்கள், பக்கத்துக் கட்டில் பிள்ளைக்குத் தேடினதைப் பார்த்திருக்கிறேன். கண்ணாடி அறைக்குப் போய்விட்டால் மடியில் வைத்துக்கொள்ள முடியாது, வெளியிலிருந்து பார்க்கலாம். இல்லாத நோய்க்கு மருந்து. இப்போது சொல்லிவிடலாம். சொன்னால் என்ன ஆகும், சிஸ்டர் என்னைப் பார்ப்பார், அந்தப் பார்வைதான் ஆகும், தோளைத் தட்டினவர் பார்க்கிற பார்வை. சொல்லாமலே சரிசெய்துவிட்டால்? இந்த வேளை முழுசும் உள்ளே போய்விட்டால், அடுத்த வேளையும் முழுசும் போய்விட்டால், நாளைக் காலை எடை ஏறிவிடும், டாக்டரிடம் அழுது ஒருநாள் அவகாசம் கேட்டால் தரமாட்டாரா, நாளைக்கு முள் மேலே போய்விட்டால் யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லையே. முழுசும் உள்ளே போக வேண்டும், அவ்வளவுதான். என் அம்மா என் தம்பிக்குச் சங்கில் புகட்டுவாள். காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு காலுக்கும் நடுவில் அவனைக் கிடத்தி, அவன் கத்த வாயைத் திறந்ததும் சங்கைக் கவிழ்ப்பாள், குடித்தானா இல்லையா என்ற பேச்சே கிடையாது, வழிந்தால் விரலால் வழித்து மறுபடி வாய்க்குள் தள்ளுவாள். தம்பி நன்றாகத்தானே இருக்கிறான், திருப்பூரில் எண்பது கிலோவில் இருக்கிறான். கொஞ்சம். கொஞ்சம் சாய்த்தால் போதும். என் கை பாலாடையைச் சாய்த்ததா, நான் சாய்த்தேனா. பால் வாய்க்குள் இறங்கியது, சத்தம் வரவில்லை, தொண்டையில் அந்தச் சின்னச் சத்தம் வரவேயில்லை, கண் திறந்தது, நெஞ்சு ஒருதரம் உள்ளே இழுத்தது, உதட்டைச் சுற்றி நீலம். ஐயோ. ஐயோ என் சாமி. அவளை முன்பக்கம் சாய்த்து முதுகைத் தட்டுகிறேன், இன்னும் தட்டுகிறேன், எத்தனை விநாடி என்று தெரியவில்லை, என் காதில் ஃபேன் சத்தம் மட்டும், அப்புறம் ஒரு இருமல், மூக்கு வழியாகப் பால், அப்புறம் அழுகை. நல்ல அழுகை. கோபமான அழுகை. உதடு சிவக்கிறது. அழு, அழு கண்ணு, என்னை வைது அழு. என் உடம்பு முழுக்க வேர்த்து ரவிக்கை ஒட்டிக்கொண்டது, பாலும் வேர்வையும் ஒன்றாக வாடை அடிக்கிறது.

"அக்கா, என்னாச்சுங்க்கா?" பக்கத்து நாற்காலி ஹசீனா. இருபது வயசு இருக்கும், அந்தியூர்ப் பெண், அவள் பையன் என் பிள்ளையைவிட இரண்டு நாள் சின்னவன், எடையும் குறைச்சல். வந்த நாளிலிருந்து என்னைப் பார்த்துப் பார்த்துத்தான் எல்லாம் செய்கிறாள், நான் எப்படி உட்கார்கிறேனோ அப்படி உட்காருவாள், நான் தண்ணீர் குடித்தால் அவளும் குடிப்பாள். ஒன்றுமில்லை, பொரை ஏறிவிட்டது என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுத் தன் பையன் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள், அப்புறம் என் பக்கம் சாய்ந்து மெதுவாக, யாருக்கும் கேட்காமல், "அக்கா, உங்க மாதிரியே நானும் கெட்டித் துணியா மடிச்சு வெச்சுட்டேன். கொஞ்சம் கூட வெளிய தெரியறதில்லீங்க" என்றாள். நான் அவளைப் பார்த்தேன். "நேத்து காத்தாலயிலிருந்து சைபர்தான் போடறேன். நாளைக்கு கொழாய எடுத்துருவாங்கன்னு நெனைக்கிறேன்." அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். கள்ளமே இல்லை, அக்கா செய்தால் அது சரியாகத்தான் இருக்கும் என்ற முகம். அவளுக்கு நான் எப்போது சொன்னேன்? சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லவில்லை. பார்த்திருக்கிறாள், பெட்டிக்குள் வைத்துப் பூட்டின விஷயமா இது, என் மடியில்தானே நடந்தது. அவள் பையனின் கை துணிக்கு வெளியே வந்திருந்தது, என் சுண்டுவிரல் அளவுகூட இல்லாத மணிக்கட்டு, தோல் எலும்பில் தொங்கிக்கொண்டு. அவன் மூக்கில் குழாய் இன்னும் இருக்கிறது, ஆனால் அதில் விடுவதற்குச் சிஸ்டரிடம் கணக்கு இருக்காது, அட்டையில் சைபர் இருக்கும்போது குழாயில் எதை விடுவார்கள். என் பிள்ளைக்கு நான் செய்ததை எனக்கு நானே சமாதானம் சொல்லி வைத்திருந்தேன், என் பிள்ளை, என் பால், என் பாவம், எனக்குள்ளேயே வைத்துக் கரைத்துக்கொள்கிறேன் என்று. இந்தப் பையனின் மணிக்கட்டுக்கு என்ன சமாதானம் சொல்வது? சொசைட்டியில் ஒருதரம் ஒரு அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னிக்கு ஒருநாள் விட்டுரு கண்ணு என்று கெஞ்சினார், நான் கேனைத் திருப்பி அனுப்பினேன், வரிசையில் அத்தனை பேர் பார்க்க. அவர் முகம் இப்போது ஞாபகம் வருகிறது. அதற்கப்புறம் அவர் வேறு சொசைட்டிக்குப் போய்விட்டார்.

ட்ரே சத்தம் கேட்கிறது. கதவருகில் லில்லி புஷ்பம் சிஸ்டர், ஒரு கையில் ட்ரே, இன்னொரு கையில் என் பிள்ளையின் அட்டை. இரண்டு பிள்ளைகளைத் தாண்டித்தான் என்னிடம் வர வேண்டும், வழியில் யாரோ எதையோ கேட்கிறார்கள், நின்று பதில் சொல்கிறார். கேளுங்கள், இன்னும் கேளுங்கள், நாலு கேள்வி கேளுங்கள். பாலாடையில் பத்து மில்லி இருக்கிறது, அவள் அழுது ஓய்ந்து விக்கலோடு என் விரலைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், அவளுக்கு என்மேல் கோபம் போய்விட்டது போலிருக்கிறது, அவளுக்கு வேறு யாரும் தெரியாதே. எப்படி ஆரம்பிப்பது. சிஸ்டர், ஒரு விஷயம். சிஸ்டர், கோபிச்சுக்காதீங்க. எல்லாரும் இருக்கிறார்களே, தனியாகக் கூட்டிப்போய்ச் சொல்லலாம், தனியாகச் சொன்னால் ஹசீனாவுக்கு எப்படித் தெரியும், அவளுக்கு நான் அப்புறமாகச் சொல்லலாம், அப்புறமாக என்று நான் எதைத்தான் சொல்லியிருக்கிறேன். சிஸ்டர் வந்துவிட்டார். ட்ரேயில் ஊசி, பஞ்சு, இரண்டு சின்னக் குப்பி, ரப்பர் பட்டை. "பால் குடிச்சாச்சா? பிள்ளைய என்கிட்ட தா. நீ வெளிய போய் நில்லு, பாத்தா தாங்கமாட்ட" என்று அவர் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

"ரத்தம் எடுக்க வேண்டாமுங்க சிஸ்டர்."

"பயப்படாத. ஒரு நிமிசந்தான்."

"அதுக்கில்லீங்க. புள்ளைக்கு நோவில்லீங்க. பால் பத்தலீங்க. கொடுக்கறதுல பாதிக்குக் கிட்ட சிந்திருது. நான் எழுதலீங்க."

சிஸ்டர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எத்தன வேளையா?"

"கொழாய எடுத்ததுல இருந்துங்க. அதுக்கு முந்தின நாளும்."

"நாலு நாளா?" அவர் சத்தம் ஏறியது, அறையில் எல்லாரும் திரும்பிவிட்டார்கள். "உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? பிள்ளைக்கு என்ன சீக்கோன்னு நான் தலைய பிச்சிட்டு கெடக்கேன். டாக்டர்ட்ட ஏச்சு வாங்கினது யாருன்னு நெனச்ச? மருந்து ஏறியிருந்தா அது என்னத்துக்கு ஆகும், சொல்லு." ஏசட்டும். இன்னும் ஏசட்டும். நான் பயந்துகிடந்த அந்தப் பார்வை இதோ என் எதிரில் இருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டும் நான் உயிரோடுதான் இருக்கிறேன், என் பிள்ளை விக்கல் நின்று கொட்டாவி விடுகிறாள். சிஸ்டர் மூச்சு வாங்கினார். "எவ்வளவு சிந்தும்? தோராயமா சொல்லு."

"ஒம்பதுங்க. சில வேளைக்குப் பதினொண்ணு."

"அது எப்படி அவ்வளவு கரெக்டா சொல்லுத?"

"துணியப் பிழிஞ்சு அளந்தேனுங்க."

யாரோ ஒரு அம்மா பின்னால் களுக்கென்று சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டது கேட்டது. "பிழிஞ்சு அளந்திருக்கா" என்று சிஸ்டர் ட்ரேயிடம் சொல்கிற மாதிரிச் சொன்னார், அப்புறம் மூலைக்குப் போய் டாக்டருக்குப் போன் போட்டார். நான் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆமா சார், இல்ல சார், அம்மாதான் சொல்லுதா சார், ஆமா சார். திரும்பி வந்தவர், "இப்ப காலில குத்தி ஒரு சொட்டு எடுத்து சக்கரை மட்டும் பாக்கச் சொல்லுதாரு. மத்தது நாளைக்கு. நாளைக்கும் எடை ஏறலன்னா எடுத்தே ஆகணும், அப்ப நீ அழுதாலும் விடமாட்டேன். ஆனா அதுவரைக்கும் குறையிற பால எப்படியாவது உள்ள விடணும்லா" என்று நிறுத்தினார். என்ன சொல்ல வருகிறார் என்று எனக்குத் தெரியும். அவரும் சொல்லத் தயங்கினார், நான் வராந்தாவில் வாந்தி எடுத்தது அவருக்கு ஞாபகம் இருந்திருக்கும். மாமனார் முகம் வந்தது, அத்தையின் குரல் வந்தது, ஜன்னல் கம்பியும் வந்தது. வரட்டும். நாலு மணிக்கு வீட்டுக்காரர் ஜன்னலில் வந்து நிற்கும்போது குழாயோடு இந்த முகத்தைத்தான் காட்டப்போகிறேன், கேட்டால் நடந்ததைச் சொல்லப்போகிறேன், போட்டோ வேண்டுமென்றால் இதையே எடுத்துக்கொள்ளட்டும்.

"கொழாயப் போடுங்க சிஸ்டர்" என்றேன். "நானே தலையப் புடிச்சுக்கறேன்."

பிடித்தேன். இரண்டு உள்ளங்கைக்குள்ளும் அந்தத் தலை அடங்கியது, உச்சிக்குழி என் கட்டைவிரலுக்குக் கீழே துடித்துக்கொண்டிருந்தது. சிஸ்டர் முதலில் காலில் குத்திச் சக்கரை பார்த்து, சரியாக இருக்கிறது என்று தலையாட்டிவிட்டு, குழாயை மூக்கிலிருந்து காதுக்கும் காதிலிருந்து வயிற்றுக்கும் வைத்து அளந்து, மையால் குறி போட்டு, உள்ளே விட்டார். அவள் ஓங்கரித்தாள். முகம் கருத்தது. நான் கண்ணை மூடவில்லை, என் கண்ணிலிருந்து சொட்டினது அவள் நெற்றியில் விழுந்தது, கையை எடுத்துத் துடைக்க முடியாது, பிடித்திருக்க வேண்டும், பிடித்திருந்தேன். உள்ளே போய்விட்டது. ஸ்டெதஸ்கோப்பை வயிற்றில் வைத்துக் கேட்டுவிட்டு, பிளாஸ்திரி ஒட்டி, குழாயின் முனையில் ஒரு வெறும் சிரிஞ்சை மாட்டி அதை என் கையில் கொடுத்தார். "நெஞ்சுக்கு நேரா பிடி. நீயே ஊத்து. அமுக்காத, அதுவா இறங்கும்." பாலாடையில் இருந்த பத்தையும் ஊற்றினேன். பீய்ச்சினதில் மீதி கிண்ணத்தில் இருந்தது, இந்த வேளை சிந்தினதற்கு ஈடாக அதில் இன்னொரு பத்தைச் சிஸ்டரிடம் கேட்டுக்கொண்டு ஊற்றினேன். பால் சிரிஞ்சில் நின்றது, நகரவில்லை, அப்புறம் மெல்ல இறங்க ஆரம்பித்தது. "வெறும் பாலாடைய உதட்டுல வச்சிட்டே இரு" என்றார் சிஸ்டர், கோபம் பாதி இறங்கின குரலில், "ஒரு சொட்டு நாக்குல படட்டும். வயிறு நிறையிறது அதாலன்னு அவ நெனச்சுக்கிடட்டும்." வைத்தேன். நாக்கு வந்தது.

"சிஸ்டர்" என்று ஒரு குரல். ஹசீனா. எழுந்து நின்றிருந்தாள், பையனை மார்போடு அணைத்துக்கொண்டு, முகம் வெளுத்து. "எம்பையனுக்கும் பாருங்க சிஸ்டர். நானும் சைபர்தான் போட்டேன்." அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, அக்காவைப் பார்த்துத்தான் செய்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதனால் நானே சொன்னேன், "என்னயப் பாத்துத்தான் செஞ்சாளுங்க, அவளை வைய வேண்டாமுங்க." சிஸ்டர் என்னைப் பார்த்தார், ஹசீனாவைப் பார்த்தார், அப்புறம் மெதுவாகத் திரும்பி அந்த அறை முழுக்கப் பார்த்தார். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. ஒருத்தரும் அட்டை இருந்த பக்கம் பார்க்கவில்லை.

"வேற யாரு?" என்றார்.

அப்புறம் கதவோர நாற்காலியில் ஒரு கை, மடியில் பிள்ளையைத் தாங்கினது போக மிச்சமிருந்த கை, பாதி வரைக்கும் எழுந்தது. அதைப் பார்த்து அதற்கு அடுத்தது. அப்புறம், சற்று முன் களுக்கென்று சிரித்தவளுடையது.

சிஸ்டர் ஊசி ட்ரேயை என் காலடியில் வைத்துவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், பையிலிருந்து பேனாவை எடுத்தார். "சரி" என்றார். "யாரும் அழப்பிடாது. ஒவ்வொருத்தியா சொல்லுங்க."